பட்டாளத்து வாசலைச் சாத்துவது யார்?

"ராணுவத்தில் சாதி இல்லை" என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் குதிரை வீரராகச் சேர, ஏன் ராஜபுத்திரராகவோ ஜாட்டாகவோ ஜாட் சீக்கியராகவோ பிறந்திருக்க வேண்டும்? இதை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. இது சாதி பார்ப்பதல்ல, அந்தப் படையின் 'பணித் தேவை' என்று ராணுவம் பதில் சொன்னது. அந்தப் படை காவல் நிற்கும் மாளிகையில் கே.ஆர். நாராயணன் இருந்தார். ராம்நாத் கோவிந்த் இருந்தார். அவருக்குப் பின் திரௌபதி முர்மு வந்தார். நாட்டின் முதல் குடிமகனாக ஒரு தலித் வரலாம். அவரைச் சுற்றி நிற்கும் குதிரையில் ஒரு தலித் ஏற முடியாது! கல்யாண ஊர்வலத்தில் தலித் மாப்பிள்ளை குதிரை ஏறினால் கல்லெறியும் நாட்டில் இதைக் கேட்டு யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

இந்த ராணுவத்தைத்தான் இப்போது 'சீரமைக்கிறார்கள்'. ஆள் எடுக்கும் முறை மாறுகிறது. பாரக்ஸைப் பராமரிக்கும் துறையில் பணியிடங்கள் ஒழிக்கப்படுகின்றன. பாரக்ஸைச் சுற்றியிருக்கும் கண்டோன்மென்ட்கள் கலைக்கப்படுகின்றன. தொலைக்காட்சியில் இதைப் பற்றிப் பேசும் ஓய்வுபெற்ற தளபதிகள் ஓய்வூதியச் செலவைப் பற்றிப் பேசுகிறார்கள், ட்ரோன்களைப் பற்றிப் பேசுகிறார்கள், காலனிய மிச்சங்களைத் துடைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். சேரியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

'கடலூரில் ஏது பாரக்ஸ், சிதம்பரத்தில் ஏது ரெஜிமென்ட், உனக்கென்ன கவலை?' என்று கேட்கலாம். இன்று இல்லைதான். ஆனால் வெள்ளைக்காரனின் பட்டாளம் தென்னாட்டில் காலூன்றிய இடங்களில் ஒன்று எங்கள் கடற்கரை. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். குண்டு போட்டு அளந்த அந்த எல்லையின் நினைவு இன்றும் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று கடலூரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலத்தில் உழுதவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சில ஆண்டுகளுக்குக் கம்பெனியின் சோழமண்டலக் கடற்கரைத் தலைமையிடமாக இருந்ததும் இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான்.

சிதம்பரத்துக்கு வாருங்கள். நந்தன் நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே வரலாம் என்று சொன்ன கோயில் இது. அதே கோயில் கர்நாடகப் போர்களின் காலத்தில் கோட்டையாக இருந்தது. மதிலுக்குள்ளே சிப்பாய்கள் தங்கினார்கள். 1781 ஜூன் 18 அன்று ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். உள்ளே இருந்தது ஹைதர் அலியின் படை. கூட் தோற்றுப் பின்வாங்கி, இரண்டு வாரம் கழித்துப் பரங்கிப்பேட்டையில்தான் வென்றார். கோயில் பாரக்ஸாக இருந்த அந்த நாட்களில் தீட்டு எங்கே போயிருந்தது? சிப்பாய் வந்தான், வெடிமருந்து வந்தது, எல்லாம் வந்தது. போர் முடிந்ததும் தீட்டு மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கு 1939இலும் 1947இலும் சட்டம் போட வேண்டியிருந்தது.

அரசுக்கும் அதிகாரத்துக்கும் ஆள் தேவைப்படும்போது தீட்டு மறையும். தேவை தீர்ந்ததும் திரும்பி வரும். ராணுவச் சீரமைப்புகளின் வரலாற்றை இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே படித்துவிடலாம்.

கூட் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1780இல், கம்பெனி சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகளை உருவாக்கியது. பாதை வெட்ட, பாலம் போட, கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்ட ஆள் வேண்டும். அதுதான் வளர்ந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆனது. இன்றும் பெங்களூருவில் இருக்கிறது. இந்தச் சாப்பர்களிலும் பயனியர்களிலும் பெருமளவில் சேர்ந்தவர்கள் பறையர்கள். கவனியுங்கள், பட்டாளம் அவர்களுக்குத் திறந்த வாசலிலும் மண்வெட்டிதான் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் சமத்துவத்துக்காகக் கூப்பிடவில்லை. கடல் தாண்ட மாட்டேன், மண் சுமக்க மாட்டேன் என்று சொல்லாத உழைப்பு அவனுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் அந்த மண்வெட்டிக்கு மாதச் சம்பளம் இருந்தது. இதன் பொருளைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து நெல் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். படியாள் என்றால் கூலி நெல். ஆண்டைக்கு மேல் ஓர் அதிகாரம் இருப்பதே அவன் கண்ணுக்குத் தெரியாது. அவன் பட்டாளத்தில் சேர்ந்தால் காசு கையில் வரும். சட்டை வரும், செருப்பு வரும். எழுத்தும் வரும். ஆண்டையின் சொல் எட்டாத ஓர் இடத்தில் படுத்து எழலாம். ஊருக்கு வெளியே சேரி என்பது பழைய ஏற்பாடு. ஊர், சேரி இரண்டுக்கும் வெளியே பாரக்ஸ் என்பது புதிய இடம்.

அந்தப் புதிய இடம் என்ன செய்யும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரை விடப் பெரிய சாட்சி வேண்டுமா? அவர் 1891இல் பிறந்ததே மாவ் கண்டோன்மென்ட்டில். அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியர். கிராமத்துப் பள்ளி வாசலில் நிறுத்திவைத்த காலத்தில் பட்டாளம் சிப்பாய்க்கும் அவன் பிள்ளைக்கும் எழுத்தறிவு கொடுத்தது. நம் எம்.சி. ராஜா 1883இல் பிறந்தது பரங்கிமலையில். அதுவும் கண்டோன்மென்ட்தான். இதை வைத்து 'வெள்ளைக்காரன் வாழ்க' என்று நான் கோஷம் போடவில்லை. ஊரின் பிடி தளர்ந்த இடத்தில்தான் நம் முதல் தலைமுறைத் தலைவர்கள் எழுந்தார்கள் என்கிறேன். அந்த இடங்களில் ஒன்று பாரக்ஸ்.

இதைப் பிறகு சாத்தினார்கள். எப்படி? அப்போதும் சீரமைப்பு என்றுதான் பெயர்.

1857க்குப் பிறகு படையை மாற்றி அமைத்தபோது 'போர்க்குடி இனங்கள்' என்ற கோட்பாடு கிளம்பியது. அதன் பெரிய பூசாரி ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படைக்கும் தலைமைத் தளபதி. தென்னாட்டுச் சிப்பாய்க்கு வீரம் வற்றிவிட்டது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மெட்ராஸ் காலாட்படைகளில் பலவற்றின் ஆட்களை அனுப்பிவிட்டுப் பஞ்சாபியரையும் கூர்க்காக்களையும் நிரப்பினார்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பீமா கோரேகானில் 1818இல் பேஷ்வா படைக்கு எதிராக நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் போர்க்குணம் இல்லையாம்!

வெள்ளைக்காரனின் இனவாதமும் உள்ளூர் சாதியும் எப்படிக் கைகுலுக்கின என்று பாருங்கள். யார் சத்திரியன், யார் இல்லை என்று மனு எழுதி வைத்ததை, மண்டை ஓட்டை அளக்கும் 'விஞ்ஞானம்' என்று பெயர் மாற்றி ஆள்சேர்ப்புக் கையேட்டில் அச்சடித்தார்கள். உயர்சாதிச் சிப்பாய் தாழ்த்தப்பட்ட சுபேதாருக்கு சல்யூட் அடிக்க வேண்டியிருக்கும் என்ற சங்கடமும் தீர்ந்தது.

ஆள் தேவைப்பட்டால்? முதல் உலகப்போரில் 1917இல் 111வது மகர் படை உருவானது. போர் முடிந்து 1921இல் கலைக்கப்பட்டது. சிக்கனம் என்று சொல்லி 1928க்குள் 3வது மெட்ராஸ் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. 1933இல் மெட்ராஸ் பயனியர்களும் கலைக்கப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் 1941இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். அதே ஆண்டு, அம்பேத்கரின் இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பிறகு, மகர் ரெஜிமென்ட் வந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் வந்தது, 1946இல் கலைக்கப்பட்டது. போர் என்றால் வா, அமைதி என்றால் போ. ஒவ்வொரு முறையும் கணக்குப் புத்தகத்தில் இதற்குச் செலவுக் குறைப்பு என்று பெயர்.

இந்தப் பின்னணியோடு இன்றைய சீரமைப்பைப் பாருங்கள்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபாத் திட்டத்தை அறிவித்தார்கள். பதினேழரை வயதில் எடுப்பார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் நூறில் எழுபத்தைந்து பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி, மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் 30 விழுக்காடு பிடித்த பணம். ஓய்வூதியம் கிடையாது. பணிக்கொடை கிடையாது. 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதி கிடையாது. அதனால் ராணுவ மருத்துவ வசதி கிடையாது, கேன்டீன் கிடையாது, அரசு வேலையில் முன்னாள் படைவீரருக்கு உள்ள ஒதுக்கீடும் தானாக வராது. 2022 இறுதியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 இறுதியோடு நான்கு ஆண்டு முடிகிறது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெய்வேலி என்.எல்.சி.யில் நிரந்தரத் தொழிலாளி யார், ஒப்பந்தத் தொழிலாளி யார் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே சுரங்கம், ஒரே வெயில், ஒரே தூசு. ஆனால் கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனால் முதல் கேள்வி 'பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?' என்பதுதான். அக்னிவீரர் என்பவர் சீருடை போட்ட கான்ட்ராக்ட் தொழிலாளி. பெயரில் மட்டும்தான் நெருப்பு. நெருப்பு என்றதும் சிதம்பரத்துக்காரனான எனக்கு நந்தன் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நம் பிள்ளைகளை எந்த வாசலில் விடுவதாக இருந்தாலும் இவர்களுக்கு நெருப்பு ஒன்று வேண்டியிருக்கிறது.

ஓய்வூதியம் என்பது வெறும் பணமா? எங்கள் தெருவில் முதலில் காரை வீடு கட்டியவர் ஒரு பட்டாளத்தார். அவர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். அதனால் அவர் யார் வயலுக்கும் கூலிக்குப் போகவில்லை, யாரிடமும் கடன் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் உட்காரச் சொல்லாவிட்டாலும் உட்கார்ந்தார். தெருப்பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளிக்கு எங்கள் தெருவிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவரும் அவர்தான். ஊரின் தயவு இல்லாமல் ஊருக்குள் வாழ ஒரு மனிதனுக்கு அந்தப் பென்ஷன் புத்தகம் துணை நின்றது. சாதி ஒழிப்புக்கு நாம் எழுதும் கட்டுரைகளை விட அது எங்கள் தெருவில் அதிக வேலை செய்திருக்கிறது.

அக்னிபாத் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. இருபத்தோரு வயதில், இருபத்தைந்து வயதில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் எங்கே போவார்? அப்பாவுக்கு நிலம் இருப்பவருக்கு 11 லட்சம் ஒரு டிராக்டர், ஒரு கடை. நிலம் இல்லாதவருக்கு அது தங்கையின் கல்யாணம், வீட்டுக் கடன், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. இரண்டே ஆண்டில் கரையும். பிறகு அவர் அதே ஊருக்கு, அதே தெருவுக்கு, யாரிடம் கை கட்ட மாட்டேன் என்று ஓடினாரோ அவரிடமே வேலை கேட்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 விழுக்காடு ஒதுக்கீடு என்று 2022இல் சொன்னார்கள். ஒதுக்கீட்டில் போட்டி போடலாம் என்பது உறுதி. வேலை கிடைக்கும் என்பது உறுதியில்லை.

'அக்னிபாத்தில் அனைத்திந்திய, அனைத்து வகுப்பு முறை வருகிறது, சாதி ரெஜிமென்ட்கள் மெல்லக் கலையும், நீங்கள் அதை வரவேற்க வேண்டாமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ராஜ்புத் ரெஜிமென்ட், ஜாட் ரெஜிமென்ட் என்று குடியரசின் படைக்குச் சாதிப் பெயர் வைத்திருப்பது அவமானம். அது ஒழியட்டும். ஆனால் படைப்பிரிவுகளில் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் இட ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு இல்லாத 'அனைத்து வகுப்பு' என்பது ஏற்கெனவே கோச்சிங் சென்டரும் முட்டையும் பாலும் உள்ள வகுப்புக்குத் திறந்த வாசல். ஆள்சேர்ப்பில் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் இது சர்ச்சையானபோது, இது பழைய நடைமுறைதான், புதிதாக எதுவும் இல்லை என்றார் பாதுகாப்பு அமைச்சர். சரி, பழைய நடைமுறையாகவே இருக்கட்டும். வாங்கிய சான்றிதழை எண்ணிப் பார்த்து, எந்தச் சாதியிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், நான்கு ஆண்டுக்குப் பின் எத்தனை பேர் தக்கவைக்கப்பட்டார்கள் என்று வெளியிடுவதில் என்ன தயக்கம்? நூறில் இருபத்தைந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மேலதிகாரியின் மதிப்பீட்டில் இருக்கிறது. மேலதிகாரிகளின் சாதி என்ன?

அடுத்தது பாரக்ஸ் கட்டடங்கள். அவற்றைக் கட்டிப் பராமரிப்பது எம்.இ.எஸ். என்னும் ராணுவப் பொறியியல் சேவை. செகத்கர் குழுவின் பரிந்துரைப்படி 2020 மே மாதம் இதில் 9,304 பணியிடங்களை ஒழிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் கொடுத்தார். வேலையை வெளியே கொடுத்துவிடலாமாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துப்பாக்கி ஏந்தும் பணிக்கு இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் ராணுவத்தின் சிவிலியன் பணிகளுக்கு உண்டு. அதாவது, ராணுவத்தில் அரசமைப்புச் சட்டம் நமக்கென்று திறந்துவைத்த ஒரே வாசல் இந்தப் பணிகள்தான். அதைத்தான் 'தேவையற்ற சுமை' என்று வெட்டினார்கள். கான்ட்ராக்டருக்கு ரோஸ்டர் கிடையாது. நாளைக்கும் பாரக்ஸின் கழிவறையைக் கழுவ ஆள் வேண்டும், சாக்கடை எடுக்க ஆள் வேண்டும். யார் வருவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஊழியராக இருந்து செய்த வேலையை, தினக்கூலியாகச் செய்ய வருவார்கள்.

சிப்பாய் வரிசையிலேயே பாருங்கள். எட்டாம் வகுப்பு படித்தால் போதும் என்ற டிரேட்ஸ்மேன் பிரிவில் ஹவுஸ் கீப்பர் வேலை இருக்கிறது. முன்பு அதற்குச் 'சஃபாய்வாலா' என்று பெயர். பெயர் ஆங்கிலமாகிவிட்டது. துடைப்பம் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, கண்டோன்மென்ட்கள். நாட்டில் 62 இருந்தன. 2023 ஏப்ரலில் இமாசலத்தின் யோல் முதலில் கலைக்கப்பட்டது. ராணுவப் பகுதியைத் தனி ராணுவ நிலையமாக வைத்துக்கொண்டு, பொதுமக்கள் வாழும் பகுதியை உள்ளாட்சியோடு சேர்ப்பது திட்டம். தமிழ்நாட்டில் கண்டோன்மென்ட்கள் இரண்டு: பரங்கிமலை-பல்லாவரம், வெலிங்டன். இதை நான் எதிர்க்கவில்லை. காலனிய ஏற்பாடு போகட்டும், மக்களுக்கு முழுமையான உள்ளாட்சி கிடைக்கட்டும். ஆனால் நிலம்? கண்டோன்மென்ட்களுக்குள் மட்டும் சுமார் 1.61 லட்சம் ஏக்கர் பாதுகாப்புத் துறை நிலம் இருக்கிறது. பங்களாவுக்குப் பழைய குத்தகைப் பத்திரம் இருக்கும், வக்கீல் இருப்பார். துப்புரவுப் பணியாளர்களின் லைன் வீடுகளுக்கு என்ன இருக்கும்? தலைமுறையாகப் பட்டாளத்தின் கழிவை அள்ளியவர்களுக்கு அந்த ஓட்டு வீட்டுக்குப் பட்டா கிடையாது. எல்லைக்கோடு மாறும் நாளில் அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆவார்கள். 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த எவரும் இதில் ஏமாறக் கூடாது. அரசாணையில் நம் பெயர் இருந்தபோதே நிலம் கைமாறிப் போனது. இங்கே பெயரே இல்லை.

இதற்கு நம் தோழர்களிடமிருந்து வரும் எதிர்ப்பும் எனக்குத் தெரியும். 'ராணுவம் ஒடுக்குமுறைக் கருவி. காஷ்மீரில் என்ன செய்தது, 1987இல் ஈழத்துக்குப் போய் என்ன செய்தது? அதில் நம் ஆட்களுக்கு இடம் கேட்பதா?' நியாயமான கோபம். ராணுவத்தின் குற்றங்களை நான் ஒன்றுகூடக் கழிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. நீதிமன்றம் ஒடுக்குகிறது, போலீஸ் ஒடுக்குகிறது, பல்கலைக்கழகம் ஒடுக்குகிறது. அங்கெல்லாம் பிரதிநிதித்துவம் கேட்கிறோமா இல்லையா? பட்டாளம் என்றதும் மட்டும் ஏன் அறம் பேசி ஒதுங்குகிறோம்? அமைதி விரும்புவது நல்லது. ஆனால் வேறு வேலை இருப்பவருக்கு அது எளிது. விடிகாலையில் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் வெறுங்காலோடு 1,600 மீட்டர் ஓடிப் பழகும் பையனிடம் போய், 'தம்பி, இது ஏகாதிபத்தியக் கருவி' என்று சொல்லிப் பாருங்கள். 'சரிண்ணா, வேற வேலை இருக்கா?' என்று கேட்பான். நம்மிடம் பதில் இருக்கிறதா?

1941இல் அம்பேத்கர் மகர் படை கேட்டது போர் மோகத்தால் அல்ல. ஆயுதம், சம்பளம், கல்வி, அதிகாரம் நான்கும் ஒரே சாதித்தொகுதியின் கையில் இருக்கக் கூடாது என்பதால்தான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. நான்கு ஆண்டு ஒப்பந்தம் ஒழிந்து ஓய்வூதியத்தோடு கூடிய பணி திரும்ப வேண்டும். முதல் அணி வெளியே வரும்போது யார் தக்கவைக்கப்பட்டார், யார் கழிக்கப்பட்டார் என்ற சாதிவாரிக் கணக்கு வெளியாக வேண்டும். படையிலும் இட ஒதுக்கீடு வேண்டும். சாதிப் பெயர் தாங்கிய ரெஜிமென்ட்களும் மூன்று சாதிக்கு மட்டுமான மெய்க்காவல் படையும் முடிவுக்கு வர வேண்டும். எம்.இ.எஸ். பணியிடங்களை நிரந்தரப் பணியாகவே நிரப்ப வேண்டும். கண்டோன்மென்ட் கலையும் ஒவ்வோர் இடத்திலும், பங்களாக்காரரின் குத்தகையைப் பேசுவதற்கு முன்பு துப்புரவுப் பணியாளரின் பட்டாவைப் பேச வேண்டும்.

தொழிற்சங்கங்கள் இதைப் பேச வேண்டும், தலித் இயக்கங்கள் பேச வேண்டும். காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் கொடுத்த தீண்டாமை பற்றிய அறிக்கை, அரசு அலுவலகத்திலும் கோயிலிலும் கிராமத்திலும் யார் எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கணக்கைப் பாரக்ஸ் வாசல் வரைக்கும் கொண்டுபோவது நம் தலைமுறையின் வேலை. கணக்குக் கேட்காவிட்டால், அடுத்த போர் வரும்போதுதான் அவர்களுக்கு நம் தெருவின் நினைவு வரும்.